வெள்ளிக்கிழமைக் கைராசி

"மேம்படுத்தப்பட்ட" என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த வருடம் ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்த உங்கள் ஐந்து பேருடைய தலைப்புகளையும் எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஐந்திலும் அந்தச் சொல் இருக்கிறது. மேம்படுத்தப்பட்ட உறிஞ்சி, மேம்படுத்தப்பட்ட கரி, மேம்படுத்தப்பட்ட சுண்ணாம்புக் குருணி. ஒருவரும் இன்னும் ஒரு குருணியைத் தொட்டுப் பார்க்கவில்லை, அதற்குள் மேம்படுத்தி முடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான்.

"புது ஆக்களுக்கு ஊக்கம் தாற மாதிரி ஏதும் எழுதித் தாங்கோ அண்ணை" என்று துறைக் கந்தோரிலிருந்து தொலைபேசி எடுத்தார்கள். "ஊக்கம் வேணுமெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ. என்னட்டை இருக்கிறது வெட்கம்தான்" என்றேன். அந்தப் பக்கத்தில் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. தொழினுட்ப அலுவலராக முப்பது வருடம் அந்த ஆய்வுகூட மேசை வாங்குகளுக்கு நடுவில் நின்று தேய்ந்தவன் நான். அதில் உங்களுக்குப் பிரயோசனமாக இருப்பது ஒரு மூன்று கிழமை, இருபத்தொரு நாள் கதைதான். அதை எழுதுகிறேன், படிக்கிறதும் விடுகிறதும் உங்கள் பாடு.

முதலில் வேலையைப் பற்றி. புகைபோக்கிகளிலிருந்து வெளியேறுகிற காபனீரொட்சைட்டை, பழைய பேச்சில் கரியமில வாயுவை, காற்றில் கலக்க விடாமல் பிடித்து வைக்கக்கூடிய ஒரு பொருளைச் செய்வதுதான் எங்கள் வேலை. எவ்வளவு பிடித்தது என்று அறிகிற வழி மிகவும் லேசானது. உலர்த்திய குருணியை நிறுப்போம். அதன்மேல் வாயுவைச் செலுத்துவோம். பிறகு மறுபடி நிறுப்போம். கூடிய நிறை எவ்வளவோ அவ்வளவு வாயு பிடிபட்டது என்று எழுதிக்கொள்வோம். இதிலே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தராசு நிறையைத்தான் சொல்லும். பிடிபட்டது இன்னதென்று அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஒரு கருவியும் எங்களிடம் இருந்தது. அது பழுதாகிப் பல காலம். பூப்போட்ட துணியால் மூடி வைத்திருந்தோம். பார்வையாளர்கள் வந்தால் துணியை எடுத்துவிடுவோம், போனதும் திரும்பப் போர்த்துவோம்.

எங்கள் பேராசிரியர் கையில் எடுத்த பொருள் ஊமல். பனங்கிழங்கு கிண்டிய பிறகு வளவு மூலையில் குவிந்து கிடக்குமே, அந்தப் பனங்கொட்டைக் கோது. அதைச் சுட்டுக் கரியாக்கி, நுண்ணிய துளைகள் விழும்படி உலையில் வைத்து, குருணியாக உடைத்தால் வாயுவை இழுக்கும். யோசனை நல்ல யோசனை. அதில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். குறை யோசனைக்காரரில்தான். சாவகச்சேரியிலிருந்து முதல் சாக்கு ஊமல் வந்து இறங்குவதற்கு முன்னமே மனிதர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்துவிட்டார். "உலகைக் காக்க வருகிறது யாழ்ப்பாணத்துப் பனை" என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் கதிரைக்குப் பின்னால் தொங்கவிட்டார். ஆய்வு தொடங்குவதற்கு முன்னரே முடிவுக்குச் சட்டம் போட்ட ஆளை அன்றைக்குத்தான் நான் கண்டேன். பிறகு நிறையப் பேரைக் கண்டுவிட்டேன்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் வெள்ளிக்கிழமை காலையில் சரஸ்வதி படத்துக்குப் பூசை. படம் இருந்தது தராசு அறையில். ஏன் அங்கே என்று கேட்கிறீர்களா? அந்த ஒரு அறைக்குள்தான் ஒருவரும் செருப்போடு போவதில்லை. தராசு ஆடிவிடும் என்று அங்கே மின்விசிறியும் இல்லை, யன்னலும் திறப்பதில்லை. காற்றடித்துக் கற்பூரம் நூராது. சாமிக்கு இதைவிட நல்ல இடம் அந்தக் கட்டடத்தில் கிடையாது. பூசை செய்கிறவன் நான். பூ, கற்பூரம், தணல் போட்ட தட்டில் சாம்பிராணி. புகை மண்டி ஆளை ஆள் தெரியாமல் போனால்தான் எனக்குப் பூசை செய்த திருப்தி வரும்.

பேராசிரியர் இதற்குள் தன் புத்தியையும் கொண்டுவந்து சேர்த்தார். வியாழக்கிழமை பின்னேரம் குருணியை உலர்த்தி, நிறுத்து, நிறையைக் கொப்பியில் எழுதி, கண்ணாடிச் சாடிகளில் இறுக்கி மூடி வைப்போம். வெள்ளி காலையில் "முதலிலை சாமிக்கு வைச்சிட்டுத் தொடங்குங்கோ அண்ணை" என்பார். நான் மூடிகளைத் திறந்து படத்துக்கு முன்னால் வரிசையாக வைப்பேன். அரை மணித்தியாலம் புகை காட்டுவேன். பிறகு நல்ல நேரம் பார்த்து வாயுவைத் திறப்போம். நல்ல நேரம் பார்த்து வாயு திறந்த ஆய்வுகூடம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் இருந்திருக்கும்.

மூளை உள்ளவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. துளைத்துளையான புதுக்கரி, ஐப்பசி மாதத்து ஈரக் காற்று, பூட்டிய அறை, சாம்பிராணிப் புகை. கரி அதற்கென்றே பிறந்தது போல ஈரம், புகை இரண்டையும் இழுத்து வயிற்றுக்குள் போட்டது. பிறகு நாங்கள் நிறுத்து, கூடினதெல்லாம் காபனீரொட்சைட்டு என்று எழுதினோம். உலகத்தில் ஒருவரும் காணாத அளவு! பேராசிரியருக்குச் சந்தோஷப் புளுகம் தாங்க முடியவில்லை. "அண்ணை, உங்கடை கைராசியைப் பாத்தியளோ!" என்று என் முதுகில் தட்டினார். மற்ற நாட்களில் வேறு ஆட்கள் செய்தால் பாதிதான் வந்தது. அதனால் அது என் கைராசி. கரியைப் பற்றிப் புத்தகம் எழுதிய மனிதர், நிறை ஏன் கூடியது என்பதற்கு என் கையைப் பிடித்துப் பார்த்தார். நானும் சும்மா இருந்தேனா? மானிப்பாய்ச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் சொன்னேன்.

அப்போதுதான் ஜெமீமா வந்து சேர்ந்தாள். உடுவில் பிள்ளை. அங்குள்ள பெண்கள் கல்லூரியில் படித்து, இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் எடுத்து, ஒரு வருட ஒப்பந்தத்தில் ஆய்வு உதவியாளராக வந்தவள். தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். எங்கள் பூசை நேரத்தில் தராசு அறை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நிற்பாள். முடிந்ததும் கடலை கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவாள். அதிகம் கதைக்கமாட்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை, மேற்பட்டப் படிப்புக்குப் பதிய வேண்டும். அதற்குப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். வீட்டில் ஒரு வருடம்தான் தவணை கொடுத்திருந்தார்கள். அதற்குள் பதியாவிட்டால் ஆய்வு கீய்வு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தகப்பன் பார்த்து வைத்திருந்த பள்ளிக்கூட வேலைக்குப் போகவேண்டும்.

பேராசிரியர் அவளிடம் கொடுத்த வேலை, என் வெள்ளிக்கிழமை எண்களை மற்ற நாட்களில் எடுத்துக் காட்டுவது. கட்டுரையில் கைராசி என்று எழுத முடியாதல்லவா? திங்கள் செய்தாள், பாதி. செவ்வாய் செய்தாள், பாதி. புதன், வியாழன், அதே பாதி. கொப்பியில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் திகதியோடு கிழமையையும் எழுதினாள். அதைப் பார்த்து நான் சிரித்தேன். கிழமை எழுதி என்ன சாத்திரமா பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். சாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

பேராசிரியர் அவளைக் கூப்பிட்டுப் பேசியது எனக்குக் கேட்டது. அவர் பேசினால் கட்டடத்துக்கே கேட்கும்.

"உமக்குக் கை சரியில்லை பிள்ளை. அண்ணை பள்ளிக்கூடத்திலை ஓ.எல். மட்டும் படிச்ச மனுசன், அவருக்கு வருகுது. உமக்கேன் வரேல்லை?"

"சேர், வெள்ளிக்கிழமையிலை ஒரு வெற்றுச் சோதனை வைச்சுப் பாப்பமோ?"

வெற்றுச் சோதனை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் இன்றைக்கே வேலையை விட்டுவிடுங்கள். ஒரு மாதிரிக்கு எல்லாவற்றையும் செய்து, வாயுவை மட்டும் காட்டாமல் விடுவது. நிறை கூடக்கூடாது. கூடினால் எங்கேயோ களவு நடக்கிறது என்று அர்த்தம். முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிற விஷயம். எங்கள் பேராசிரியர் அதற்குச் சொன்ன மறுமொழியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வெற்று வேலை பாக்கிறதே? விசர்க்கதை கதையாதையும்!"

வெற்று என்ற சொல் மனிதருக்கு அபசகுனமாகப் பட்டுவிட்டது. இப்படி ஒரு பேராசிரியரும், அவருக்கு மேளம் அடிக்க நானும். நல்ல சோடி.

அன்று மத்தியானம் அவள் என்னிடம் வந்தாள். "அண்ணை, வெள்ளிக்கிழமையிலை சாடி மூடியை எத்தினை மணிக்குத் திறக்கிறனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள். "உமக்கென்ன அதிலை? நான் உம்மளவு காலத்திலையிருந்து சாடி திறக்கிறவன்" என்று பாய்ந்தேன். "சரி அண்ணை" என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு வந்தது சனி. பாவித்த குருணியைத் திரும்பப் பாவிப்பதற்காக அடுப்பில் வைத்துச் சூடாக்குவது வழக்கம். உள்ளே பிடிபட்டது வெளியே போய்விடும். அதுவரை அந்த வேலையை வேறு ஆட்கள்தான் செய்தார்கள், மணந்திருந்தாலும் பூசை மணம் என்று விட்டிருப்பார்கள். அன்று நான் வெள்ளிக்கிழமைக் குருணியை வைத்தேன். சூடேறியதும் கதவைத் திறந்தேன். முகத்தில் அடித்தது சாம்பிராணி வாசம். அறை முழுக்கப் பூசை மணம். காபனீரொட்சைட்டுக்கு மணம் கிடையாது பிள்ளைகளே. நான் கதவுப் பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. கைராசியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. நான் ஊதிய புகையை நானே நிறுத்திருக்கிறேன்.

இனித்தான் வெட்கம் கெட்ட பகுதி. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஏன் என்று இத்தனை காலமாக யோசிக்கிறேன். பயமா? பேராசிரியர் என்னை என்ன செய்துவிடுவார்? ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலமே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் வரப்போகிறது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அச்சில் என் பெயர்! அதோடு, சொன்னால் பூசைக்கு மரியாதை போய்விடும் என்று ஒரு சாட்டு. "அவள்தானே படிச்சவள், அவளே கண்டுபிடிக்கட்டும்" என்று இன்னொரு சாட்டு. சாட்டுக்கா பஞ்சம்? கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது.

வீட்டில் மனைவிக்குச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கரி மணத்தை இழுக்கும் எண்டு உங்களுக்கு இப்பதானோ தெரியும்? பிறிட்ஜுக்குள்ளை ஏன் ஒரு சிரட்டை ஊமல் கரி வைச்சிருக்கிறன்? வடிவுக்கோ?"

நான் பிறிட்ஜைத் திறந்து அந்தச் சிரட்டையைப் பார்த்தேன்.

"அந்தப் பெட்டைக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை."

"அது பேச்சு வாங்குது எண்டியள்?"

"ஓம்."

கத்தியை வைத்துவிட்டு ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி மீனை வெட்டினாள். அந்தப் பார்வைக்கும் நான் அசையவில்லை. அவ்வளவு தடித்த தோல்.

மூன்று கிழமை இப்படியே போனது. கொழும்பிலிருந்து இரண்டு பேரும் வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாவும் எங்கள் ஆய்வைப் பார்வையிட வருவதாக அறிவித்தல் வந்தது. பேராசிரியர் நாளைத் தெரிவு செய்தார். எந்த நாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜெமீமாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு நீர்தான் நிறுக்கிறீர். அவையின்ரை கண்ணுக்கு முன்னாலை எண்ணை எழுதி, சரியெண்டு கையெழுத்து வைக்கிறீர். வைச்சால் சிபாரிசுக் கடிதம். இல்லாட்டி இஞ்சை உமக்கு வேலை இல்லை."

பொய் எண்ணுக்குக் கீழே அவளுடைய பெயர். பேராசிரியருடையதல்ல, என்னுடையதல்ல. நாளைக்கு எவனாவது ஒரு வெளிநாட்டுக்காரன் அதே ஊமலைச் சுட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தால், சிரிப்பு அவளுக்கு. வைக்காவிட்டால் படிப்பு போச்சு. அவள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை பின்னேரம் சாடிகளை நிறுத்து மூடும்போது, ஒரு சாடி கூடுதலாக நிறுத்தேன். நிறையை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பெரிய தீர்மானம் எடுத்து வைத்தேன் என்று நினைக்காதீர்கள். அதைப் பாவிப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது.

வெள்ளி காலையில் வெளிநாட்டு அம்மா வெறுங்காலோடு தராசு அறைக்குள் வந்தா. பேராசிரியர் பட்டு வேட்டி. நான் மூடிகளைத் திறந்து, தணல் போட்டு, சாம்பிராணி தூவினேன். அம்மா படம் எடுத்தா. பேராசிரியர் எங்கள் பண்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் வைத்தார். பிறகு சாடிகளை வாயுக் குழாயில் பூட்டினோம். கூடுதல் சாடியை மட்டும் மூடி, அலுமாரித் தட்டில் வைத்தேன். வாயு ஓடிய நேரத்தில் எல்லோரும் பற்றீசும் றோல்சும் சாப்பிட்டார்கள். ஜெமீமா ஒன்றும் சாப்பிடவில்லை.

திரும்ப வந்து நிறுத்தாள். தராசில் பழைய வெள்ளிக்கிழமை எண்தான் வந்தது. "பாத்தியளோ!" என்று பேராசிரியர் கையைத் தட்டினார். படிவத்தை அவளுக்கு முன்னால் தள்ளிவிட்டார்.

அவள் பேனையை எடுத்தாள். எண்ணை எழுதினாள். கையெழுத்து இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"சேர், வெற்றுச் சோதனை ஒண்டும் இல்லாமல் நான் கையெழுத்து வைக்கேலாது."

பேராசிரியர் சிரித்த முகத்தை மாற்றாமல், குரலை மட்டும் தாழ்த்தினார். "அப்ப கடிதத்திலை நானும் வைக்கேலாது."

"சரி சேர்" என்று பேனையை மூடி வாங்கில் வைத்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. இருபத்தைந்து வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையைத் தூக்கி வாங்கில் வைக்கிறது, அறுபதை எட்டிப் பிடிக்கிற எருமை நான் சாம்பிராணித் தட்டோடு நிற்கிறேன்.

"சேர், வெற்றுச் சோதனை இருக்கு" என்றேன்.

அலுமாரியிலிருந்து சாடியை எடுத்தேன். பைக்குள் இருந்த துண்டை விரித்து வைத்தேன். "இது நேற்று நிறுத்தது. பூசைக்கு மட்டும்தான் வைச்சனான். வாயு காட்டேல்லை." அவளிடம் நீட்டினேன். "நிறும் பிள்ளை."

நிறுத்தாள். நிறை கூடியிருந்தது. மற்றச் சாடிகளில் கூடின நிறையில் பாதி அதிலேயே இருந்தது, ஒரு துளி வாயுவும் காணாத கரியில்.

கொழும்பிலிருந்து வந்தவர்களில் ஒருவர் தமிழர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுக்கு வாயு விடேல்லையோ?"

"இல்லை ஐயா."

"அப்ப என்ன பிடிபட்டது?"

"சாம்பிராணி ஐயா. கொஞ்சம் ஈரமும்."

மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். வெளிநாட்டு அம்மா சிரிக்கவில்லை. ஜெமீமாவின் கொப்பியைக் கேட்டு வாங்கி, எண்களுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த கிழமைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனா. பேராசிரியரின் முகம் வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது.

"அண்ணை, உது முழுக்க உங்கடை பிழை!"

"ஓம் சேர். என்ரை பிழைதான்."

எப்போதிருந்து தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆண்மையைக் காட்டிய அந்த நேரத்திலும் அந்த மூன்று கிழமையை ஒளித்துத்தான் வைத்தேன். இதையும் எழுதாவிட்டால் நீங்கள் என்னை ஒரு வீரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த அம்மா இருக்கும்போதே சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. அந்த நேரத்தில் பேராசிரியரால் மறுக்க முடியவில்லை. சரஸ்வதி விறாந்தைக்கு இடம் மாறினா. அங்கே காற்றும் வெளிச்சமும் இருந்தது, சாமிக்கும் அதுதான் சுகம் என்று நினைக்கிறேன். ஊமல் கரியின் உண்மையான கணக்கு, கடையில் வாங்கும் கரியை விடக் கொஞ்சம் நல்லது, அவ்வளவுதான். ஜெமீமா அந்தக் கொஞ்சத்தைக் கொஞ்சம் என்றே எழுதினாள். புகையும் ஈரமும் எங்களை எப்படி ஏமாற்றின என்று ஒரு முழுப் பக்கம் எழுதினாள். என் பெயர் எங்கேயும் வரவில்லை, நல்லதாய்ப் போச்சு. பேராசிரியர் நான் ஓய்வு பெறும்வரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது எனக்குப் பெரிய இழப்பாகப் படவில்லை.

வெற்றுச் சோதனை வையுங்கள் என்று சொல்லவா இவ்வளவும் எழுதினேன்? அது உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது அன்று பின்னேரம் நடந்தது. அதை முன்னமே எழுதியிருக்க வேண்டும். கை வராமல் தள்ளித் தள்ளி இங்கே கொண்டுவந்து விட்டேன்.

எல்லோரும் போன பிறகு நான் வாங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜெமீமா தன் மேசையில் நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பெருந்தன்மையாக ஒரு வசனம் எடுத்துவிட்டேன்.

"பிள்ளை, எனக்கு முந்தியே தெரிஞ்சிருந்தால் முந்தியே சொல்லியிருப்பன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் கொடுமை.

"உங்களுக்குத் தெரியும் அண்ணை. நீங்கள் அடுப்புக் கதவைத் திறந்துபோட்டு நிண்ட அண்டைக்கு நான் வாசலிலை நிண்டனான். எனக்கும் மணந்தது."

துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். "அப்ப நீர் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்கிற ஆளைப் பாருங்கள்.

"நான் எப்பிடி அண்ணை சொல்லுறது? வேதக்காரப் பெட்டை வந்து ரெண்டு மாதம் ஆகேல்லை, பூசையைக் குழப்பப் பாக்கிறாள் எண்டு போகும். பேந்து ஆர் தராசைப் பாக்கப் போகினம்? என்ரை சமயத்தைத்தான் பாப்பினம். நீங்கள் சொன்னால் அது வெறும் சாம்பிராணி. நான் சொன்னால் வேறை கதை."

இந்த ஒரு விஷயத்தை யோசிக்க எனக்கு மூன்று கிழமை கிடைத்தது. ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். பேராசிரியருக்குத் தெரியாது, அவளால் முடியாது. நானோ அச்சில் என் பெயர் எப்படி இருக்கும் என்று கற்பனை பண்ணிக்கொண்டு திரிந்தேன். உங்களில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு நாள் வரும். வேறு ஒருவரும் வாய் திறக்க முடியாத இடத்தில், நீங்கள் மட்டும் திறக்கக்கூடியதாக இருக்கும். அன்றைக்கு யார் படித்தவர், யார் பெரியவர் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அப்போதுதான் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கவனித்தேன். ஒரு துணிப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் இழுப்பு லாச்சிக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். தேநீர்க் கோப்பை, சீப்பு, கணிப்பான், ஒரு சோடி சப்பாத்து, தலையிடிக் குளிசைப் பெட்டி. லாச்சி அதுவரை துடைத்து வெறுமையாகக் கிடந்திருக்கிறது.

"உதையெல்லாம் எப்ப பிள்ளை பையிலை எடுத்து வைச்சனீர்?"

"நேற்றுப் பின்னேரம் அண்ணை" என்றாள். கோப்பையை லாச்சியின் மூலையில் வைத்தாள். "நீங்கள் இனிச் சொல்லமாட்டியள் எண்டு நினைச்சிட்டன்."